சத்திரத்துக் குமாஸ்தாவுக்கு பினாங்கில் வேலை கிடைத்த விதம்

1

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு பெரியவர் எங்கள் ஹோட்டலுக்கு வந்து தங்கினார். தோல் வியாபாரி. கவுண்டரில் நான் தமிழில் வரவேற்றதும் அவருக்கு ஒரே சந்தோஷம். சாவியைக் கையில் வாங்கிக்கொண்டும் மாடிக்குப் போகாமல் அங்கேயே நின்று பேச்சுக் கொடுத்தார்.

"ஹோட்டல் தொழிலெல்லாம் எங்கே படிச்சீங்க? பம்பாயா, கல்கத்தாவா?"

"ராமேஸ்வரத்துல" என்றேன்.

"ராமேஸ்வரத்துல ஏதுங்க ஹோட்டல்?" என்று சிரித்தார். சிரித்தபடியே மாடியேறிப் போனார். படி முடியும் வரைக்கும் அந்தச் சிரிப்பு கேட்டது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். வேலை தேடி இந்த ஊரில் அலைந்த காலத்தில் இதே பதிலை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். யாரும் நம்பவில்லை. அந்தக் கதையை எழுதுங்களேன் என்று என் மனைவி பஞ்சவர்ணம் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நம் பக்கத்திலிருந்து கப்பலேறப் போகிறவர்கள் படித்தால் கொஞ்சம் தைரியமாவது வரும் என்பது அவள் கட்சி. தைரியம் வருமோ என்னவோ, சிரிப்பாவது வரட்டும்.

2

நான் கமுதிக்குத் தெற்கே ஒரு கரிசல்காட்டுக் கிராமத்தான். எங்கள் ஊரில் மிளகாய் விளைந்தால் சோறு. விளையாவிட்டால் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். பள்ளிக்கூடத்துப் படிப்பு முடிந்ததும் ராமேஸ்வரத்தில் ஒரு சத்திரத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். நாடு சுதந்திரம் வாங்கியிருந்த புதிது. வடக்கே ஏதோ ஒரு வியாபாரக் குடும்பம் புண்ணியத்துக்குக் கட்டி வைத்த சத்திரம் அது. கோவிலுக்குப் போகிற தெருவில் இருந்தது. அவர்கள் சார்பில் அதை நிர்வகித்தவர் ஏஜெண்டு சொக்கலிங்கம் பிள்ளை. ராமநாதபுரத்துக்காரர். அவருக்குக் கோபம் வந்தால் வாசலில் கட்டியிருக்கும் மாடு எழுந்து நின்றுவிடும்.

மெட்ராஸ் மெயில் வந்து நின்றதும் சனம் திமுதிமுவென்று இறங்கும். காசிக்காரர்கள், வங்காளத்துக்காரர்கள், மராட்டியர்கள். கங்கைத் தண்ணீர்ச் செம்பை இடுப்பில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் என்னிடம் அறை கேட்பார்கள். யார் எந்த பாஷையில் கேட்டாலும் புரிந்துகொண்டு பாதி பாஷையில் பதில் சொல்லப் பழகினேன். எந்தக் குடும்பத்துக்கு அடுப்படியோடு அறை வேண்டும், யாருக்கு மாடி ஏற முடியாது, எந்த இரண்டு கூட்டத்தை அடுத்தடுத்து வைத்தால் சண்டை வரும் என்பதெல்லாம் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி ஈரத்துணியோடு திரும்புகிறவர்களுக்கு வெந்நீர் தயாராக இருக்கும். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. இன்றைக்கும் அதுதான் என் வேலை.

பிடிக்காதது ஒன்றுதான். குமாஸ்தா சத்திரத்திலேயே தங்க வேண்டும். குடும்பத்தைக் கூட்டி வரக் கூடாது. கல்யாணமாகி மகள் சிவகாமி பிறந்த பிறகும் நான் மாதத்துக்கு ஒரு தரம் ரயிலும் பஸ்ஸும் ஏறி ஊருக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவேன். ஒரு தரம் போனபோது குழந்தை என்னைப் பார்த்து, யாரோ வந்திருக்கிறார்கள் என்று அம்மாவைக் கூப்பிட்டது.

திரும்பி வந்த கையோடு ஏஜெண்டிடம் கேட்டேன். "அய்யா, கிணத்தடியில ரெண்டு ரூமு சாமான் போட்டுத்தானே கெடக்கு. ஒழிச்சுக் குடுத்தா குடும்பத்தக் கூட்டிட்டு வந்துருவேன்."

"ஏலே வேலு, இது தர்ம சத்திரமா, உன் மாமனார் வீடா?"

"வார சனம் பூரா குடும்பத்தோடதானே அய்யா வருது. நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்?"

"எதிர்த்துப் பேசுறியா? இருந்தா இரு, போனாப் போ."

இப்படி ஒரு தரமல்ல, பல தரம் நடந்தது. ஆறாவது வருஷம் நான் போய்விட்டேன். பஞ்சவர்ணத்தின் அண்ணன் பினாங்கில் மளிகைக்கடை வைத்திருந்தார். அவர் கடைக்கு ஆள் என்று பெர்மிட் வாங்கி அனுப்பினார். நான் சொல்லிக்கொள்ளப் போனபோது ஏஜெண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அக்கரைக்குப் போறியா? போ போ. அங்கன உனக்குப் பல்லக்கு வச்சுருக்கான்."

3

பல்லக்கு இல்லை. மளிகைக்கடை ஒரு வருஷம் நன்றாக ஓடியது. அதன் பிறகு மைத்துனருக்குக் கண்ணில் கோளாறு வந்தது. கடையை ஒரு சீனருக்கு விற்றுவிட்டு ஊரோடு போய்விட முடிவு செய்தார். "நீயும் வந்துரு மாப்ள" என்றார். பெர்மிட்டைப் புதுப்பிக்கப் போனால் முதலாளி யார் என்று கேட்பார்கள். முதலாளி இல்லாவிட்டால் கப்பல்தான்.

எனக்குத் திரும்ப மனமில்லை. கழுத்தில் மாலை போட்டு பஸ் ஏற்றிவிட்ட ஊர். வெறுங்கையோடு கமுதியில் இறங்கினால் டீக்கடையிலேயே விசாரணை தொடங்கிவிடும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அடுத்த கப்பலில் வந்துவிடுவோம் என்று பஞ்சவர்ணமும் குழந்தையும் தகரப்பெட்டியில் துணிமணி அடுக்கி வைத்துக் காத்திருந்தார்கள். ஒரே கூரையின் கீழ் மூன்று பேரும் இருப்பது என்ற அந்த ஒரு காரியத்துக்காகத்தான் கடலே தாண்டியிருந்தேன்.

வேலை தேடி ஏறி இறங்கினேன். எங்கே போனாலும் முதல் கேள்வி, "முன்னாடி வேலை பார்த்த இடத்தின் கடிதம் இருக்கிறதா?" ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா என்னைப் பார்த்ததுமே மேஜை டிராயரைத் திறந்து ஒரு கட்டுக் காகிதத்தைக் காட்டினார். எல்லாம் நம் நாட்டிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் நற்சான்றுகள். எல்லாமே ஒரே கையெழுத்து. எல்லாரும் நேர்மையானவர்கள், மது அருந்தாதவர்கள், கடும் உழைப்பாளிகள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மனு எழுதுகிறவர் இருந்தார். கேட்டால் எந்த ஜமீன்தார் பெயரிலும் எழுதிக் கொடுப்பார் என்று பிற்பாடு தெரிந்தது.

கடைசியில் படகுத்துறை அருகே இந்த ஹோட்டலுக்கு வந்தேன். வாசலில் ஜாகாவாக, அதாவது காவல்காரராக, நம் தேவிபட்டினத்துக் காசிம் பாய் நின்றிருந்தார். என் பேச்சைக் கேட்டதுமே பிடித்துக்கொண்டார்.

"தம்பிக்கு எந்தூரு? கமுதியா? அட, நம்ம பக்கம்! உள்ள வாங்க. கவுண்டருல இருந்த ஆளு போன வாரந்தான் நின்னுட்டான். தவுக்கேகிட்ட நான் கூட்டிட்டுப் போறேன்."

தவுக்கே என்றால் இங்கே முதலாளி. எங்கள் தவுக்கே ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர். மெலிந்த மனிதர், கணக்குப் போடும் மரச்சட்டத்தில் மணிகளைத் தள்ளிக்கொண்டேதான் பேசுவார். எனக்கும் அவருக்கும் பொது பாஷை மலாய். அவர் மலாய் சுமார். என் மலாய் மளிகைக்கடை மலாய்: வெங்காயம், பருப்பு, மீதிச் சில்லறை, அவ்வளவுதான்.

முன்னால் எங்கே வேலை என்று கேட்டார். யாத்ரீகர்கள் தங்குகிற பெரிய இடம் என்றேன். அறை வாடகை எவ்வளவு என்றார். இனாம் என்பதற்கு மலாயில் எனக்கு வார்த்தை தெரியாது. பூஜ்யம் என்று சொல்லலாமே என்று நினைத்து, "கோசோங்" என்றேன். அந்த வார்த்தைக்குப் பூஜ்யம் என்றும் அர்த்தம் உண்டு, காலி என்றும் அர்த்தம் உண்டு.

"அறையெல்லாம் காலியா? ஆளே வரமாட்டார்களா?"

"இல்லை, இல்லை. எப்போதும் நிறைந்திருக்கும்."

"நிறைந்திருக்கும். ஆனால் காலி?"

"ஆமாம்."

தவுக்கே மணிகளைத் தள்ளுவதை நிறுத்திவிட்டு காசிம் பாயைப் பார்த்தார், நல்ல ஆளைத்தான் கூட்டி வந்திருக்கிறாய் என்பதுபோல. பாய் எங்கள் சத்திரங்களைப் பற்றி நீளமாக விளக்கினார். காசில்லாமல் தங்க வைக்க ஒருவன் கட்டிடம் கட்டுவான் என்பதைத் தவுக்கேயால் நம்ப முடியவில்லை. ஆனால் ஆள் அவசரமாகத் தேவை. ஒரு நிபந்தனை போட்டார்.

"உன் பழைய முதலாளி கடிதம் எழுதட்டும். நீ கையில் கொண்டு வராதே. தபாலில் நேராக எனக்கு வர வேண்டும்."

வெளியே வந்ததும் பாய் கேட்டார். "எழுதுவாருல்ல?"

"எழுதுவார் பாய். என்ன எழுதுவாருன்னுதான் தெரியல."

4

ஏஜெண்டுக்குக் கடிதம் எழுத நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பழைய சண்டையைக் குறிப்பிடாமல், கெஞ்சாமல், நிமிர்ந்தும் நிற்காமல் எழுத வேண்டும். எழுதி விமானத் தபாலில் போட்டேன். நாட்கள் போயின. மைத்துனர் கடைச் சாவியைக் கைமாற்றினார். பஞ்சவர்ணம் எழுதினாள், குழந்தை கப்பல் படம் வரைந்து வைத்திருக்கிறது என்று. நான் தினமும் ஹோட்டல் வாசலுக்குப் போய் காசிம் பாயின் முகத்தைப் பார்ப்பேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டுவார், திரும்பி வருவேன்.

ஒரு நாள் தெருமுனையில் என்னைக் கண்டதும் பாய் கையை உயர்த்தி வீசினார்.

"வந்துருச்சு தம்பி! கனமா இருக்கு. ரெண்டு தாளு இருக்கும். ஓடியாங்க!"

கடிதம் தமிழில் இருந்தது. ஹோட்டலில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் பாய்தான். தவுக்கே உறையைப் பிரித்து அவரிடம் நீட்டினார். நான் எதிரே நின்றேன். பாய் முதலில் தமிழில் சத்தமாகப் படித்து, பிறகு மலாயில் சொல்வது என்று ஏற்பாடு.

"பினாங்கு ஹோட்டல் முதலாளி அவர்கள் சமூகத்துக்கு. மேற்படி வேலுச்சாமி என்பவன் இவ்விடம் ஆறு வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தது வாஸ்தவம். கணக்கில் ஒரு தப்பும் கிடையாது."

பாய் பெருமையோடு அதை மலாயில் சொன்னார். தவுக்கே தலையசைத்தார். பாய் மேலே படித்தார்.

"ஆனால் வாயாடி. எதற்கெடுத்தாலும் தர்க்கம் பண்ணுவான். யாத்ரீகர்களுக்கு இடமில்லை என்று சொல்லவே தெரியாதவன். ஒரு தை அமாவாசைக்கு முந்தின நாள் நான் மதுரையிலிருந்து திரும்பி வந்து பார்க்கையில், என் ஆபீஸ் அறையில், என் கட்டிலில், காசிக்காரக் குடும்பம் ஒன்று..."

பாயின் குரல் இறங்கிக்கொண்டே போய் நின்றது. கண் மட்டும் தாளில் ஓடியது. அடுத்த பக்கத்துக்குப் போனார். முகம் வெளுத்துவிட்டது. தாளை மடித்தார்.

"நல்ல பையன் என்று எழுதியிருக்கிறார்" என்றார் மலாயில்.

தவுக்கே அவரையே பார்த்தார். "இரண்டு தாளிலுமா?"

"ரொம்ப நல்ல பையன் என்று."

தவுக்கே என் பக்கம் திரும்பி, "நீ படி" என்றார்.

பாய் தமிழில் முணுமுணுத்தார். "வேணாம் தம்பி. அந்த மனுசன் குடியக் கெடுத்துட்டாரு. நான் ஏதாச்சும் சொல்லிச் சமாளிக்கிறேன்."

தாளை வாங்கிப் பார்த்தேன். ஏஜெண்டின் கையெழுத்தைப் பார்த்ததும் அவர் குரலே காதில் விழுந்தது. இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. பாயின் முகமே பாதிக் கடிதத்தைச் சொல்லிவிட்டது. எனக்குத் தெரிந்த மலாயில், தெரியாத இடத்தில் கையை ஆட்டி, வாயாடியிலிருந்து கட்டில் வரை மீதி முழுவதையும் சொன்னேன். கடிதம் இப்படி முடிந்தது:

"ஆகையால் தாங்கள் இவனை வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இவன் எனக்கு வேண்டும். அடுத்த கப்பலில் அனுப்பி வைக்கவும். இவன் போன பிறகு வந்தவர்களுக்கு மெயில் வரும் நேரம்கூடத் தெரியவில்லை. குடும்பத்தோடு இருக்க இடம் கேட்டான். கிணற்றடி அறைகளை ஒழித்துக் கொடுக்கிறேன் என்று சொல்லவும். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்."

சொல்லி முடித்ததும் கடைசி வரிகளை எனக்காக இன்னொரு தரம் படித்தேன். வந்தது கோபமா, அழுகையா என்று தெரியவில்லை. என்னோடு ஆறு வருஷம் மல்லுக்கு நின்றவர், நான் கடல் தாண்டிப் போன பிறகு, யாரோ ஒரு சீனருக்கு எழுதுகிற கடிதத்தில் இறங்கி வருகிறார்.

தவுக்கே சிரித்தார். அவர் சிரித்து அதுவரை பாயே பார்த்ததில்லையாம். "கட்டிலில் எத்தனை பேர் படுத்திருந்தார்கள்?" என்று கேட்டார்.

"கட்டிலில் பாட்டியும் இரண்டு குழந்தைகளும். மற்றவர்கள் தரையில்."

"இதுவரை எனக்குக் கொண்டு வந்து கொடுத்த கடிதங்களில் ஒருவனுக்கும் ஒரு குறையும் கிடையாது. ஒரு முதலாளி தன் கையால் எழுதிய கடிதத்தை இன்றுதான் பார்க்கிறேன்." பிறகு கேட்டார்: "அவர் வரச் சொல்கிறார். போகிறாயா?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. கிணற்றடி அறைகள் கண்முன் வந்தன. கல் தொட்டி, பக்கத்தில் முருங்கை. பஞ்சவர்ணம் அங்கே நன்றாகத்தான் இருப்பாள். போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

ஆனால் வேறொன்றும் தோன்றியது. நான் கிளம்பியதால்தான் அந்த அறைகள் ஒழிந்தன. திரும்பிப் போய் நின்ற மறுநாளே அங்கே மறுபடி சாமான் ஏறாது என்று என்ன நிச்சயம்? அதோடு, கேட்டால் கிடைக்கும் என்ற ருசி அந்த நிமிஷத்தில்தான் எனக்கு முதல்முதலாகத் தெரிந்தது.

"அவர் குடும்பத்தோடு இருக்க இடம் தருகிறேன் என்கிறார். நீங்களும் தந்தால் இருக்கிறேன்" என்றேன்.

காசிம் பாய், "யா அல்லா" என்று வாயைப் பொத்திக்கொண்டார். வேலையே கிடைக்கவில்லை, இவன் வீடு கேட்கிறான்!

தவுக்கே கணக்குச் சட்டத்தை எடுத்து ஏதோ மணிகளைத் தள்ளிப் பார்த்தார். "சமையல்கட்டுக்குப் பின்னால் இரண்டு அறை இருக்கிறது. வெள்ளையடித்துக்கொள். ஆனால் ஒன்று. என் கட்டிலில் யாரையும் படுக்க வைக்கக் கூடாது."

5

பஞ்சவர்ணமும் சிவகாமியும் கப்பலில் வந்து இறங்கினார்கள். குழந்தை கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, பிறகு என் விரலைப் பிடித்துக்கொண்டது. தவுக்கேயின் கட்டிலை நான் இன்றுவரை தொட்டதில்லை. சாப்பாட்டுக் கூடத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே! சீனப் புத்தாண்டு நெருக்கடியில் கப்பலைத் தவறவிட்ட சுமத்ராத் தீவின் மேடான் ஊர்க் குடும்பம் ஒன்றை அங்கே படுக்க வைத்தேன். காலையில் தவுக்கே கண்டுபிடித்து, "வாடகை?" என்றார். "பாதி" என்றேன். கோசோங் இல்லையே என்று திருப்திப்பட்டுக்கொண்டார்.

சமையல்கட்டுக்குப் பின்னால் குடியிருந்ததில் ஒரு விளைவு. சிவகாமியும் இங்கேயே பிறந்த அவள் தம்பியும் சமையல்காரர்களின் பிள்ளைகளோடு வளர்ந்தார்கள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், விளையாட்டில் ஹைனான் சீனம், எங்களோடு தமிழ். தமிழில் திட்டினால் சீனத்தில் பதில் வரும். "என்னங்க சொல்லுதுக?" என்று பஞ்சவர்ணம் என்னைக் கேட்பாள். தெரியாது என்பேன். பாதி தெரியும்.

போன வருஷம் முதல்முறையாக எல்லாருமாக ஊருக்குப் போனோம். ராமேஸ்வரத்தில் இறங்கியதும் எனக்குக் கால் தானாகச் சத்திரத்துப் பக்கம் போயிற்று. ஏஜெண்டு அதே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தலைமுடி முழுக்க நரைத்திருந்தது. கவுண்டரில் பரமக்குடிக்காரர் ஒருவர், என்னைவிடக் கொஞ்சம் இளையவர், இரண்டு மராட்டியக் குடும்பங்களை நிதானமாக எதிரெதிர்த் திசைக்குப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தார். நல்ல வேலைக்காரர் என்று பார்த்ததுமே தெரிந்தது.

ஏஜெண்டு நிமிர்ந்து பார்த்தார். நலம் விசாரிக்கவில்லை.

"ஏலே வேலு, லீவுல வந்தியா, திரும்பி வந்தியா?"

"லீவுலதான் அய்யா. ஒரு மாசம்."

அவர் பார்வை பஞ்சவர்ணத்திடம் போனது, பிறகு பிள்ளைகளிடம். இரண்டும் கோவில் யானையைப் பற்றி சீனத்தில் காரசாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"என்னலே பாஷை இது?"

"சமையல்காரவுக பாஷை அய்யா. அங்கனயே வளந்துட்டுக."

அதைக் கேட்டதும் சிவகாமியைக் கூப்பிட்டு ஒரு வாழைப்பழம் கொடுத்தார். அவள் இங்கிலீஷில் நன்றி சொன்னாள். ஏஜெண்டு தலையைத் திருப்பிக்கொண்டு துண்டால் மூக்கைத் துடைத்தார். பிறகு கவுண்டரைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏலே ராசு! இங்கன வா."

பரமக்குடிக்காரர் ஓடி வந்தார்.

"இன்னையிலேருந்து நீ பெர்மனன்ட்டு. கிணத்தடி ரூமு ரெண்டும் வெள்ளையடிச்சபடி சும்மாதான் கெடக்கு. உன் பொஞ்சாதி புள்ளையக் கூட்டிட்டு வந்துரு."

ராசு நம்பாமல் என்னைப் பார்த்தார். "அஞ்சு வருசமா டெம்பரவரிண்ணே" என்றார். "கேக்கும்போதெல்லாம், எடத்துக்கு ஆளு இருக்கு, வருவான் வருவான்னே சொல்லிட்டிருந்தாரு."

பஞ்சவர்ணம்தான் முந்திக்கொண்டாள். "நின்னுக்கிட்டே இருக்கீகளே! போய் வீட்டுக்குத் தந்தி குடுங்க."

ராசு செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல் தபாலாபீஸ் பக்கம் ஓடினார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் ஸ்டேஷனிலிருந்து மெயில் கூட்டம் வந்து வாசலை அடைத்துக்கொண்டது. கவுண்டரில் ஆளில்லை. ஏஜெண்டு என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

"என்னலே பாத்துட்டு நிக்கிற? அந்தக் காசிக்காரவுகள மாடிக்கு அனுப்பாத. அந்தம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கு."

"பாத்துட்டேன் அய்யா" என்று சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு கவுண்டருக்குப் போனேன்.